கேட்டில் நிறுத்தியவர்கள், முத்திரை போடாத எழுத்தர், திரும்பக் கிடைத்த வேலை

2017 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, காலை ஷிஃப்டுக்குப் போன என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். “உங்க பேரு லிஸ்ட்ல இல்லண்ணே” என்றார் வாட்ச்மேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டதாம். 7 வருடம் 8 மாத சர்வீஸ். நோட்டீஸும் இல்லை, பணமும் இல்லை.

ஏப்ரலில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் சமரச அலுவலருக்கு மனு கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் அதை மடித்து இழுப்பறையில் போட்டார். நானும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் மாதம் இரண்டு முறை நடை. “ஐயா கேம்ப்.” “சமரசம் முறிஞ்சதுன்னு அறிக்கை வந்தாத்தான் கோர்ட்டுக்குப் போக முடியும், அடுத்த வாரம் வாங்க.” ஐந்து மாதம் இப்படியே ஓடியது.

செப்டம்பரில் பழைய யூனியன் தோழர் ஒருவரிடம் புலம்பியபோது அவருக்கே கோபம் வந்துவிட்டது. “மனு குடுத்து 45 நாள் தாண்டினா நேரா லேபர் கோர்ட்டுக்குப் போகலாமேய்யா, அறிக்கைக்கு ஏன் காத்திருக்கே? முத்திரை போட்ட நகலை எடு” என்றார். என்னிடம் எங்கே இருக்கிறது? இருவருமாகப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தால், என் மனு பதிவாகவே இல்லை. இழுப்பறையோடு போயிற்று. புதிதாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு வட்ட முத்திரை விழும்வரை தோழர் மேசையை விட்டு நகரவில்லை. மை பாதிதான் பதிந்திருந்தது. இன்னொரு தடவை குத்தச் சொன்னார். மறுபடியும் 45 நாள் காத்திருப்பு. வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருடம் கெடு இருந்ததால் தப்பித்தேன்.

நவம்பரில் வழக்கு போட்டோம். நீதிமன்ற நோட்டீஸ் போனதும் பதிவுத் தபாலில் ஒரு செக் வந்தது. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம், வருடத்துக்கு 15 நாள் வீதம் ஆட்குறைப்பு இழப்பீடு, பணிக்கொடை எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கூடவே ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று ஒரு கடிதம். வீட்டில் இருந்த நிலைமைக்கு அன்றே வங்கியில் போட்டிருப்பேன். வக்கீல் தடுத்தார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதியும் ஒரு வருடமாகச் சேரும்; அதனால் எனக்கு 8 வருடக் கணக்கு, 120 நாள் சம்பளம். ஆனால் விஷயம் தொகையில் இல்லை. நோட்டீஸ் சம்பளத்தையும் இழப்பீட்டையும் ஆளை நிறுத்தும்போதே கொடுத்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துக் கொடுத்தால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்றார். செக்கை ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினோம். உங்களுக்கும் இப்படி வந்தால், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

விசாரணையில், கடைசி ஒரு வருடத்தில் 240 நாள் நான் வேலை செய்யவே இல்லை என்று சாதித்தார்கள். அந்த 240 நாள் இருந்தால்தான் இந்த நோட்டீஸ், இழப்பீடு பேச்செல்லாம். பி.எஃப். பாஸ்புக்கும் சம்பளச் சீட்டுகளும் அதை முடித்துவைத்தன. 2021-இல் தீர்ப்பு: பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, வெளியே நின்ற காலத்துக்குப் பாதிச் சம்பளம்.

நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிப் போனால், அங்கே வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். எங்கேயும் வேலையில் இல்லை என்று நாம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஒரு மொத்தத் தொகையைச் சொல்லி ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று பேரம் பேசினார்கள். நான் மசியவில்லை. 2022-இல் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

(இதெல்லாம் 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின்படி நடந்தது. இப்போது அதற்குப் பதில் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கெடு விவரங்களைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.)

சேரப் போன அன்றும் ஒரு பொறி வைத்திருந்தார்கள். ஹெச்.ஆர். நீட்டிய உத்தரவில் ‘புதிய நியமனம்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் என் பழைய சர்வீஸ் அத்தனையும் காற்றில் போயிருக்கும். தீர்ப்பின் நகலோடு ஆட்சேபணைக் கடிதம் ஒன்றைக் கொடுத்தேன். இந்தத் தடவை நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். மூன்றாம் நாள் திருத்திய உத்தரவு வந்தது, பழைய டோக்கன் எண்ணோடு.