தனிநபர் நிகழ்தகவு: பந்தயக் கணக்கு போட்டால் விதிகள் தானாகப் புரியும்

பகடை, நாணயம், சீட்டுக்கட்டு வரைக்கும் நிகழ்தகவில் பெரிதாக யாரும் திணறுவதில்லை. "நாளை மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள்?" என்ற மாதிரி கேள்வி வரும்போதுதான் பேனா நின்றுவிடும், ஏனென்றால் நாளை என்பது ஒரே ஒருமுறைதான் வரும், அதை நூறு தடவை வரவழைத்து எண்ணிப் பார்க்க வழியில்லை. இங்கே கேட்பது உங்கள் நம்பிக்கையின் அளவைத்தான், தனிநபர் நிகழ்தகவு என்பது இதுதான். நீங்கள் 0.7 என்று சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் 0.4 என்று சொல்லலாம், இரண்டும் தப்பில்லை.

அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? முடியாது, இந்தப் பாடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. உங்கள் எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பந்தயத்தில் நிச்சயம் தோற்பீர்கள். 1926-இல் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஃபிராங்க் ராம்சே எழுதியதும், பிறகு இத்தாலியில் கணித அறிஞர் புரூனோ டி ஃபினெட்டி விரிவாகச் சொன்னதும் இதைத்தான். தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மழைக்கு 0.7 என்றவர், மழை பெய்தால் 100 ரூபாய் தரும் பந்தயச் சீட்டை 70 ரூபாய்க்கு வாங்கத் தயார் என்று பொருள். அவரே மழை பெய்யாமலிருக்க 0.5 என்றும் சொன்னால், பெய்யாவிட்டால் 100 தரும் சீட்டை 50-க்கு வாங்குவார். கையிலிருந்து போனது 120. மழை வந்தாலும் வராவிட்டாலும் திரும்பக் கிடைப்பது 100 மட்டும், ஆக 20 ரூபாய் நிச்சய நஷ்டம். 0.7 என்று சொன்னவுடனேயே மற்றது 0.3 என்று முடிவாகிவிட்டது. நடப்பதும் நடக்காததும் சேர்ந்து 1 என்ற நிரப்பு விதியை மனப்பாடம் செய்வதற்கு முன் இதை ஒருமுறை போட்டுவிடுங்கள், அப்புறம் மறக்காது.

இரண்டில் ஏதாவது ஒன்றாவது நடக்கும் வாய்ப்பைத் தரும் கூட்டல் விதியில் பொதுவான பகுதியைக் கழிக்க மறந்துதான் மார்க் போகும். ஒரு பகடையில் இரட்டை எண் 1/2, மூன்றுக்கு மேல் 1/2, கூட்டினால் 1 வருகிறது, ஆனால் 1-ம் 3-ம் எதிலும் சேரவில்லையே! 4, 6 இரண்டு பக்கமும் எண்ணப்பட்டதால் 1/3-ஐக் கழிக்க வேண்டும், விடை 2/3.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும் சார்பிலா (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாத) நிகழ்ச்சிகளையும் ஒன்றாக நினைப்பதுதான் தேர்வில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்றால் அதைவிடப் பெரிய சார்பு எது? இரண்டுக்கும் பூச்சியமில்லாத நிகழ்தகவு இருந்தால் அவை சார்பிலாதவை ஆகவே முடியாது. இரண்டும் நடக்கும் வாய்ப்புக்கு எண்களைப் பெருக்கும் முன் "முதலாவது நடந்தது தெரிந்தால் இரண்டாவதின் எண் மாறுமா?" என்று கேளுங்கள். மாறினால் அந்த மாறிய எண்ணை, அதாவது நிபந்தனை நிகழ்தகவைப் பெருக்க வேண்டும். சீட்டுக்கட்டில் திருப்பி வைக்காமல் இரண்டு ஏஸ் எடுப்பது 4/52 × 3/51, அதாவது 1/221.

இன்னொன்று, "சென்னை ஜெயிக்கும்" என்பதைவிட "சென்னை கடைசி ஓவரில் ஜெயிக்கும்" என்பதற்கு அதிக எண் கொடுக்கவே கூடாது. விவரம் கூடினால் கதை நம்பும்படி இருக்கும், நிகழ்தகவு மட்டும் கூடாது. உளவியலாளர்கள் டிவெர்ஸ்கி, கானமன் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் படித்தவர்களே இதில் வழுக்கினார்கள்.

பழகுவதற்கு ஒரு வழி. தினமும் இரவில் மறுநாள் மழைக்கு உங்கள் எண்ணை எழுதுங்கள். பெய்தால் 1, இல்லையென்றால் 0, வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 0.7 எழுதி மழை பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. கிளென் பிரையர் 1950-இல் தந்த அளவுகோல் இது. எப்போதும் 0.5 என்றே எழுதுபவருக்கு 0.25 வரும், உங்கள் சராசரி அதற்குக் கீழே இறங்குகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.