ஐ-20இல் இருக்கும் அந்த ஒரு தேதி: அமெரிக்காவில் கடைசி செமஸ்டரைக் கடப்பது

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்களுக்குக் கடைசி செமஸ்டரில் பரீட்சை, ப்ராஜெக்ட், வேலை தேடல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கழுத்தை நெரிக்கும். "குடிவரவு விஷயத்தைப் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலரும் ஒதுக்கி வைக்கிறார்கள். மற்ற எதையும் ஒதுக்கி வைக்கலாம், இதை மட்டும் முடியாது. கெடு தாண்டினால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்ய அனேகமாக வழியே இருக்காது.

ஐ-20 என்பது பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிப் படிவம். அதன் முதல் பக்கத்தில், படிப்பு விவரங்கள் உள்ள பகுதியில், படிப்பு தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அச்சாகியிருக்கும். அந்த முடியும் தேதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா எப்போது காலாவதியாகிறது, மேடையேறிப் பட்டம் வாங்கும் நாள் எது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. விசா என்பது நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். உள்ளே இருக்கும் உரிமையை ஐ-20உம், ஐ-94 என்ற வருகைப் பதிவும் தருகின்றன. ஐ-94ஐச் சுங்கத்துறை இணையதளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். நாள் குறிக்காமல் "டி/எஸ்" (மாணவர் நிலை நீடிக்கும்வரை) என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள்.

முடியும் தேதிக்குப் பிறகு 60 நாள் அவகாசம் உண்டு. அந்த 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது வேறு படிப்புக்கு மாற வேண்டும், அல்லது ஓ.பி.டி-க்கு (படித்த துறையில் 12 மாதம் வரை வேலை செய்யும் அனுமதி) விண்ணப்பித்திருக்க வேண்டும். (இந்த அவகாசத்தை 30 நாளாகக் குறைக்கும் முன்மொழிவை அரசு 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அதனால் உங்கள் செமஸ்டருக்கு எந்த எண் பொருந்தும் என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) இடையில் ஊருக்குக் கிளம்பிவிட்டால் மிச்ச நாளெல்லாம் போயிற்று. அவகாசத்தை நம்பி வெளியே போய்த் திரும்பி வர முடியாது.

ஓ.பி.டி-க்கு வருவோம். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது.

உதாரணமாக, உங்கள் ஐ-20 முடியும் தேதி 2026 மே 15 என்று வையுங்கள். 90 நாள் முன்னால், அதாவது பிப்ரவரி 14 முதல் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 60 நாள் கழித்து, ஜூலை 14. அன்று தபாலில் போட்டால் போதாது, யு.எஸ்.சி.ஐ.எஸ் என்ற குடிவரவுத் துறையின் கையில் சேர்ந்திருக்க வேண்டும். வேலை தொடங்க நீங்கள் கேட்கும் தேதியும் மே 16க்கும் ஜூலை 14க்கும் இடையில்தான் இருக்க முடியும். இவை தவிர யாரும் கவனிக்காத மூன்றாவது கெடு ஒன்று உண்டு. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டி.எஸ்.ஓ என்ற அதிகாரி, செவிஸ் என்ற அரசு மாணவர் பதிவேட்டில் உங்களுக்குப் பரிந்துரை போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். புதிய ஐ-20 கைக்கு வந்த நாளிலிருந்து 30 என்று எண்ணுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பரிந்துரை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு அனுப்பினாலும் நிராகரிப்புதான். சரியான வரிசை இது: முதலில் அலுவலகத்தில் கோரிக்கை, பிறகு இரண்டாம் பக்கத்தில் ஓ.பி.டி பரிந்துரையோடு புதிய ஐ-20, அதில் உங்கள் கையெழுத்து, அதன் பிறகு ஐ-765 என்ற வேலை அனுமதி விண்ணப்பப் படிவம். அலுவலகம் புதிய ஐ-20 தர ஒன்றிரண்டு வாரம் எடுக்கலாம், ஏப்ரலில் வரிசை இன்னும் நீளும். ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள்.

ஐ-765ஐ இணையத்தில் போடுவதுதான் நல்லது. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி இணையத்தில் 470 டாலர், காகிதத்தில் 520. கூடுதலாக 1,500 டாலருக்கு மேல் கட்டினால் 30 வேலை நாளில் முடிவு சொல்லும் பிரீமியம் வழியும் இருக்கிறது. வேலை ஆர்டர் கையில் இருந்து, தொடங்கும் நாள் நெருங்கிவிட்டது என்றால் மட்டும் அதைப் பாருங்கள். பிப்ரவரியிலேயே போட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

படிவத்தில் பிழை வரும் இடங்கள் குறிப்பிட்டவை. வகை என்ற இடத்தில் (சி)(3)(பி) என்று வர வேண்டும். (சி)(3)(ஏ) என்பது படிப்பு முடிவதற்கு முன்னால் செய்யும் ஓ.பி.டி, (சி)(3)(சி) என்பது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படித்தவர்களுக்கான ஓ.பி.டி நீட்டிப்பு. புகைப்படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, அண்மையில் எடுத்தது. விசாவுக்குக் கொடுத்த பழைய படத்தையே திரும்ப ஏற்றாதீர்கள். முன்பு சி.பி.டி (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சி) செய்திருந்தால் அந்த ஐ-20களையும், வேறு பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் பழைய செவிஸ் எண்களையும் சேர்த்து ஏற்றுங்கள். முழுநேர சி.பி.டி 12 மாதம் அல்லது அதற்கு மேல் செய்தவர்களுக்கு அதே நிலைப் படிப்பில் ஓ.பி.டி கிடையாது. அரைகுறையாக நிரப்பிச் சேமித்து வைத்த படிவம் 30 நாள் தொடாமல் இருந்தால் அழிந்துவிடும். பணம் கட்டி, ரசீது எண் வந்த பிறகுதான் விண்ணப்பம் போனதாக அர்த்தம்.

முகவரி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை அட்டை அச்சாகி வரும்போது நீங்கள் மே மாதத்து வீட்டைக் காலி செய்திருப்பீர்கள். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், யு.எஸ்.சி.ஐ.எஸ் அனுப்பும் அட்டைகளைத் தபால்துறையினர் புது முகவரிக்கு மாற்றி அனுப்ப மாட்டார்கள், அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். குறைந்தது ஐந்தாறு மாதம் வீடு மாறாத நண்பர் அல்லது உறவினர் முகவரியை, அவர் பெயரையும் "இன் கேர் ஆஃப் (c/o)" வரியில் குறிப்பிட்டு, கொடுங்கள். அவருடைய தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் அட்டையைப் போடாமல் திருப்பி எடுத்துப் போகும் தபால்காரர்கள் உண்டு.

எந்தத் தேதியைத் தொடக்கமாகக் கேட்பது? வேலை உறுதியாகிவிட்டால் சேரும் நாளையொட்டிக் கேளுங்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால் பின்னால் உள்ள தேதியைக் கேட்பதே புத்திசாலித்தனம். அட்டையில் உள்ள தொடக்க நாளிலிருந்து வேலையில்லாத நாள்கள் எண்ணப்படும், மொத்தம் 90தான். சனி, ஞாயிறு எல்லாம் அதில் சேரும். வேலை இல்லாமல் ஊருக்குப் போயிருந்த நாளும் சேரும். வாரம் குறைந்தது 20 மணி நேரம், உங்கள் படிப்போடு தொடர்புள்ள வேலை என்றால்தான் எண்ணிக்கை நிற்கும். ஆனால் தேதியைப் பின்னால் கேட்பது வேறு, விண்ணப்பத்தைப் பின்னால் போடுவது வேறு. ஜூலையில் விண்ணப்பித்து முடிவு நவம்பரில் வந்தால், ஓ.பி.டி படிப்பு முடிந்த 14 மாதத்தைத் தாண்டாது என்ற விதியால் உங்கள் 12 மாதத்தில் சில மாதம் வெட்டுப்படும். சீக்கிரம் போட்டு, தேதியை மட்டும் தள்ளிக் கேளுங்கள்.

ஒப்புதல் வந்துவிட்டது என்று இணையத்தில் பார்த்ததும் வேலையில் சேரக் கூடாது. அட்டை கையில் இருக்க வேண்டும், அதில் உள்ள தொடக்க நாளும் வந்திருக்க வேண்டும். அதேபோல் வளாக வேலை, டி.ஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) எல்லாம் ஐ-20 முடியும் தேதியோடு முடிந்துவிடும். "பேராசிரியர் இன்னும் இரண்டு வாரம் இருக்கச் சொன்னார்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. பேராசிரியருக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, உங்களுக்கு உண்டு.

ஓ.பி.டி தொடங்கும் நாளில் எஸ்.இ.வி.பி போர்ட்டல் (வேலை, முகவரி விவரங்களை நீங்களே பதியும் அரசு இணையதளம்) கணக்குக்கான மின்னஞ்சல் வரும். செவிஸில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குத்தான் அது வரும். அங்கே பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்து, படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிட்டால் கதை முடிந்தது. ஏப்ரலிலேயே சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள். வேலை, முகவரி எது மாறினாலும் 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேலையில் சேர்ந்தும் பதிவு செய்யாமல் விட்டவருக்கு 90 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

படிப்பே இன்னும் முடியவில்லை என்றால் வழி வேறு. ஆராய்ச்சி இழுக்கிறது, ஒரு பாடம் மிச்சம் என்றால், ஐ-20 முடியும் தேதிக்கு முன்னாலேயே நீட்டிப்பு வாங்க வேண்டும். நெறியாளர் கடிதம், அடுத்த காலத்துக்கான பணக் கணக்கு இரண்டும் கேட்பார்கள். தேதி ஒரு நாள் தாண்டினாலும் நீட்டிப்பு கிடையாது, இழந்த மாணவர் நிலையைத் திரும்பக் கேட்கும் மறுநிலைநாட்டல் என்ற நீண்ட வழிதான். முதுகலை முடித்து வேறு இடத்தில் பிஎச்.டி சேர்பவர்கள் 60 நாளுக்குள் செவிஸ் பதிவை மாற்றச் சொல்ல வேண்டும். புதிய வகுப்பும் 5 மாதத்துக்குள் தொடங்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தாலும் புதிய ஐ-20 தேவை.

படிப்பு இன்னும் பாக்கி இருந்து, விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர்கள் ஐ-20இன் இரண்டாம் பக்கத்தின் அடியில் பயணக் கையெழுத்தைப் பாருங்கள். மாணவருக்கு அது ஓராண்டு செல்லும், ஓ.பி.டி-யில் இருப்பவருக்கு ஆறு மாதம்தான். விசா காலாவதியாகியிருந்தால் சென்னையிலோ கொழும்பிலோ புதிதாக எடுத்துத்தான் திரும்ப வேண்டும். 2025 செப்டம்பர் முதல் பழைய நேர்காணல் விலக்கு எஃப் விசாக்காரர்களுக்குக் கிடையாது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சமூக ஊடகக் கணக்குகளையும் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். 221(ஜி) என்று காகிதம் கொடுத்து நிறுத்தி வைத்தால் வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே நேர்காணல் நாள் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள், திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். ஓ.பி.டி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போக விதி தடுக்காது. ஆனால் காலாவதியாகாத விசா கையில் இல்லாதவர்கள் அந்தத் துணிச்சலில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வரி. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவரும் 8843 படிவம் அனுப்ப வேண்டும், எஃப்-2வில் இருக்கும் மனைவி, குழந்தைகளுக்கும் தனித்தனியாக. வருமானம் உள்ளவர்களுக்கு வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர் வரிப் படிவம், ஏப்ரல் 15க்குள். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் போட்டால் சாதாரண 1040 ஆகப் போய்விடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுக்கும் ஸ்பிரின்டாக்ஸ் போன்றதில் போடுங்கள். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவுப்படி இந்திய மாணவர்கள் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைக் கோரலாம். 2025 வருமானத்துக்குத் தனிநபருக்கு அது 15,750 டாலர். பலரும் இதைக் கோராமல் நூற்றுக்கணக்கான டாலரை இழக்கிறார்கள். இன்னொன்று: முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு எஃப்-1 மாணவர் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளைப் பிடிக்கக் கூடாது, ஓ.பி.டி-யிலும்தான். இரண்டும் சேர்த்து 7.65 விழுக்காடு. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் உடனே ஹெச்.ஆர்-இடம் கேளுங்கள். அவர்கள் திருப்பித் தராவிட்டால் 843 படிவம் போட்டு வருமான வரித்துறையிடம் கேட்கலாம்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும், அடுப்பின் உள்புறம், குளியலறைத் தரை உட்பட வீடியோ எடுத்து, சாவி ஒப்படைத்ததற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் 14 நாள், கலிபோர்னியாவில் 21, மாசசூசெட்ஸில் 30. டெக்சாஸிலும் 30 நாள்தான், ஆனால் நீங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை தரவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. இணைய நிறுவனத்தின் மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பல்கலைக்கழக மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது என்று பாருங்கள். முடிந்த 60 நாளுக்குள் அரசு காப்பீட்டுச் சந்தையில் சேர வாய்ப்பு உண்டு. நடுவில் ஒரு வாரம்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்காதீர்கள், ஒரு எலும்பு முறிவு போதும்.

ஊருக்கே திரும்புகிறவர்கள் அமெரிக்கத் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டால் வங்கி ஓ.டி.பி வராது. எண்ணை 20 டாலர் கொடுத்துக் கூகுள் வாய்ஸுக்கு மாற்றலாம், ஆனால் சில வங்கிகள் அதற்கு ஓ.டி.பி அனுப்புவதில்லை. மாற்றும் முன் உங்கள் வங்கியில் சோதித்துப் பாருங்கள். பட்டச் சான்றிதழுக்கு இந்தியாவில் பயன்படுத்த அப்போஸ்டில் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தின் செயலர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். அங்கே இருக்கும்போதே செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம். வாங்கிய எல்லா ஐ-20களையும் ஸ்கேன் செய்து வையுங்கள். பின்னாளில் எச்-1பி, கிரீன் கார்டு எதற்கும் கேட்பார்கள்.

ஜனவரி முதல் மே வரை சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஊரிலிருந்தே கணக்குக் காட்ட வேண்டும். டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று ஜனவரி இறுதியில் பழைய வீட்டுக்குத் தபாலில் போய்விடும். கிளம்பும் முன் சம்பளப் பிரிவின் இணையக் கணக்கில் மின்வடிவில் பெறச் சம்மதம் கொடுத்து, அங்கும் சொந்த மின்னஞ்சலைப் பதிவு செய்துவிடுங்கள்.