ரெண்டுங்கெட்டான் வளைவு

ஜூன் 16, 2022
இங்கிலாந்து அஸ்காட் குதிரை ரேஸில் என் குதிரை ஸ்ட்ராடிவாரியஸ் மூன்றாவது. மேலே ஜாக்கி டெட்டோரி இருந்தும் மூன்றாவது. இன்னிக்குத் தூங்கின மாதிரிதான்.

ஜூன் 17
அந்த ரேஸ், அஸ்காட் கோல்ட் கப், வீடியோவை ஒன்பது தடவை போட்டுப் பார்த்தாச்சு. நாலு கிலோமீட்டர் ரேஸ். எனக்கு வேண்டியது கடைசி வளைவில் ஒரு மூன்று நொடி. வெள்ளைக் கால் ஸ்ட்ராடிவாரியஸ் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கிட்டிருக்கு. டெட்டோரி உள்ளே பார்க்கிறார், வழியில்லை. அப்புறம் வெளியே இழுத்து எல்லாரையும் சுற்றிக்கொண்டு வர்றார். குதிரை வரத்தான் செய்யுது. ஆனால் அது வர்றதுக்குள்ள ரயான் மூரும் அவர் ஓட்டின கிப்ரியோஸும் வின்னிங் போஸ்ட்டைத் தாண்டியாச்சு. வெளியே போறதுன்னா முன்னாடியே போயிருக்கணும். உள்ளேன்னா பொறுத்திருக்கணும். ரெண்டுங்கெட்டான்.

பழைய டெட்டோரிக்கு இந்தத் தடுமாற்றமே வந்திருக்காது.

எழுதிட்டேனே தவிர, நிஜமா? பழைய டெட்டோரி தோத்த ரேஸ் எதையும் நான் ஒன்பது தடவை பார்த்ததில்லையே. 1996 செப்டம்பரில் இதே அஸ்காட்டில் ஒரே நாளில் ஏழுக்கு ஏழு ஜெயிச்சார். பேப்பரில் படித்த அந்த நாளோடு வச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷனை அளக்கிறேன்.

ராத்திரி: காரனேஷன் ஸ்டேக்ஸ் ரேஸில் இன்ஸ்பைரல் குதிரை ஜெயிச்சிட்டா. மேலே டெட்டோரி, அதே கை.

ஜூன் 19
அஸ்காட் முடிஞ்சது. அஞ்சு நாளும் சேர்த்து அவருக்கு அந்த ஒரு ஜெயிப்புதான். ஸ்ட்ராடிவாரியஸோட ட்ரெய்னர் ஜான் கோஸ்டன் கோல்ட் கப் சவாரியைப் பற்றி வெளிப்படையாகவே குறை சொல்லிட்டார். எத்தனை வருஷ ஜோடி. குறையை ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொன்னால் ஒரு மாதிரி, ஊரைக் கூட்டிச் சொன்னால் வேற மாதிரி. எனக்கு நடந்தது ரெண்டாவது.

ஜூன் 20
மறுபடி பஸ் எடுக்கிறதைப் பற்றி லெட்டர் வரலை.

ஜூன் 22
பால் வண்டிக்கும் டிவைடருக்கும் நடுவில் இருந்த அந்த இடம். அந்தச் சந்தில் எத்தனை வருஷமா போயிருக்கேன். கண்ணால் அளந்ததே கிடையாது, பஸ்ஸோட அகலம் என் தோளிலேயே இருக்கும். அன்னிக்குத்தான் முதல் தடவையா கண்ணால் அளந்தேன். அளந்து முடிக்கிறதுக்குள்ள பால் வண்டி அரை அடி நகர்ந்துடுச்சு. இடது கண்ணாடி மடங்கி, ஒரு பிளாஸ்டிக் கூடை ரோட்டில் உருண்டது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்தக் கூடை உருண்ட சத்தம் மட்டும் இன்னும் போகலை.

ஜூன் 23
பையன் சொல்றான், "அப்பா, டெட்டோரிக்கு 51 வயசு. அவ்ளோதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

விடலை நான். ஜாக்கி லெஸ்டர் பிகாட் 1985-ல் ரிட்டையர் ஆகி, 1990-ல் 54 வயசில் திரும்பி வந்து, வந்த பன்னிரண்டாம் நாளே ராயல் அகாடமிங்கிற குதிரை மேல பிரீடர்ஸ் கப் மைல் ரேஸை ஜெயிச்ச ஆள். போன மாசம் 29-ஆம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். அதே 29-ஆம் தேதி யுடாகா டாகே ஜப்பான் டெர்பியை ஜெயிக்கிறார், அவருக்கு வயசு 53. 2018-ல் மைக் ஸ்மித் ஜஸ்டிஃபை மேல அமெரிக்காவோட மூணு பெரிய ரேஸையும் ஜெயிச்சு ட்ரிபிள் கிரவுன் அடிச்சப்போ 52. மூச்சு விடாம சொன்னேன்.

"அப்பா, இவங்க ஜெயிச்சதால உங்களுக்குப் பேர் தெரியுது. அந்த வயசுல தோத்து வீட்டுக்குப் போனவங்க பேர் ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

படிக்க வச்சது தப்பு.

ஜூன் 26
கோஸ்டனும் டெட்டோரியும் கொஞ்ச நாள் பிரிஞ்சிருக்கப் போறாங்களாம். 'ஓய்வு', 'இடைவெளி' என்று நல்ல நல்ல வார்த்தையாகப் போடுகிறார்கள். எனக்குக் கொடுத்த தாளிலும் 'மறு உத்தரவு வரும் வரை' என்று மரியாதையாகத்தான் இருக்கு.

ஜூலை 1
ஜூன் 3 ஓக்ஸ் ரேஸை மறந்தே போனேன். டெட்டோரி ஓட்டின எமிலி அப்ஜான் கேட்டை விட்டு வரும்போதே தடுக்கி, நாலைந்து குதிரை நீளம் அங்கேயே போச்சு. அத்தனையையும் பிடித்து, கடைசியில் தலை நுனியில் தோற்றது. கை போன ஆள் அப்படி ஒரு குதிரையைப் பதறாமல் கொண்டுவந்து சேர்க்க முடியுமா? கை போகலை. கையில் எதுவும் போகலை.

ஜூலை 8
இன்ஸ்பைரல் தோத்துட்டா! ஏழு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் லாபம், அப்படிப்பட்ட ஃபேவரிட். மூணு வாரத்துக்கு முன்னாடி பறந்த அதே குதிரை, மேலே அதே டெட்டோரி. இதை யார் கணக்கில் எழுதுறது?

ஜூலை 12
கண் டெஸ்ட். ஒண்ணுமில்லையாம். ஏதாவது இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

ஜூலை 26
குட்வுட் கப். ஸ்ட்ராடிவாரியஸ் மேல இப்போ ஆண்ட்ரியா அட்ஸேனி. மறுபடி கிப்ரியோஸ்கிட்டயே தோத்துட்டான், ஒரு கழுத்து வித்தியாசம். நான் கை தட்டிட்டேன். தோத்த குதிரைக்குக் கை தட்டுறேன், வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. ஜாக்கியை மாற்றியும் அதே குதிரைதானே முன்னால்? ஸ்ட்ராடிவாரியஸுக்கு எட்டு வயசு, 2018, 19, 20 என்று மூணு கோல்ட் கப் ஓடி ஜெயிச்ச கால்.

படுத்த பிறகு வேற மாதிரி ஓடுது. கழுத்துன்னா ரொம்பக் கிட்ட. அஸ்காட்டில் இதைவிடத் தள்ளித்தானே தோத்தான்? தூரம் வேற, மைதானம் வேற, சரி. ஆனாலும்.

ஜூலை 30
கூட ஓட்டுற தம்பி வந்திருந்தான். "அண்ணே, உங்களுக்குக் கையும் நல்லா இருக்கு, கண்ணும் நல்லா இருக்கு. இப்ப நீங்க உங்களையே பார்த்துக்கிட்டு ஓட்டுறீங்க."

அவன் போன பிறகு அந்த வளைவைத் திரும்பப் போட்டேன். டெட்டோரியின் தலை ஒரு தடவை உள்ளே திரும்புது, ஒரு தடவை வெளியே. கை அசையவே இல்லை.

ஆகஸ்ட் 14
பிரான்ஸில், டூவில்லில் இன்ஸ்பைரல், டெட்டோரி, ஜாக் லெ மரோவா ரேஸ். ஜெயிச்சாச்சு! பையனுக்குப் போன் போட்டேன். "நேர் ரேஸ்ப்பா அது, வளைவே கிடையாது" என்றான். எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 16
லெட்டர் வந்தது. நாளைக்குக் காலை ஒன்பதரைக்கு ஓட்டிக் காட்டணும். காலி பஸ், ரெண்டு டிரம்முக்கு நடுவில் ரிவர்ஸ். இவள் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் கேட்கவே இல்லை.