அப்பாவின் குடலும் பிடி-1 ஏற்பியும்: இம்யூனோதெரபி எடுத்த ஓராண்டு

அப்பாவுக்கு நுரையீரலில் நான்காம் நிலைப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, பயாப்சித் துணுக்கில் செய்ய வேண்டிய சோதனைகளுக்கே மூன்று வாரங்கள் கழிந்தன. புற்றுநோயைத் தூண்டும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்கள் இல்லை என்று முதலில் வந்தது. அடுத்து வந்த தாளில் ‘பிடி-எல்1: 70%’ என்ற ஒரே வரி. உடம்பில் எழுபது பங்கு நோய் பரவிவிட்டது என்று பொருள்கொண்டு, அதை அம்மாவிடம் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். மருத்துவரோ அதைப் படித்ததும் முகம் தெளிந்து, 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கீமோதெரபி சேர்க்காமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டே புற்றுநோயோடு மோதவைக்கும் மருந்தை, மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

“இந்த மருந்து கட்டியைத் தொடாதும்மா, உங்கள் அப்பாவின் டி-செல்லைத்தான் தொடும்” என்று சொல்லிவிட்டு, மருந்துச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தார். டி-செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அதன் மேல் உள்ள ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் புரதம், அந்நியப் புரதத்தின் துணுக்கை அடையாளம் கண்டால் மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு ஏற்பியின் வழியாகவும் இசைவு கிடைத்தால்தான் அது முழுதாகச் செயலில் இறங்கும். அப்படி இறங்கிய செல்லின் மேல்தான் பிடி-1 என்ற ஏற்பி முளைக்கிறது. எதிரே உள்ள செல் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அதைத் தொட்டதும், பிடி-1இன் உட்பக்க வால் எஸ்எச்பி-2 என்ற நொதியை அழைத்துவந்து, செயல்படு என்ற செய்தியைக் கடத்தும் பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகிறது. டி-செல் ஓய்ந்துவிடும். நம் சொந்த உறுப்புகளைக் காப்பதற்காக உடல் வைத்திருக்கும் இந்தத் தடையைப் புற்றுநோய் தன் கவசமாக்கிக்கொள்கிறது. அப்பாவின் புற்றுநோய்ச் செல்களில் 70 சதவீதம் அந்தக் கவசத்தை அணிந்திருந்தன என்பதே தாளில் இருந்த எண்ணின் பொருள்; கவசம் அவ்வளவு மிகுதி என்பதால்தான் பிடி-1ஐ மறைத்து அதைப் பயனற்றதாக்கும் இந்த மருந்துக்கு நம்பிக்கையும் மிகுதி.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு 1992இல் பிடி-1ஐக் கண்டெடுத்தபோது அதன் வேலை இன்னதென்று தெளிவாகியிருக்கவில்லை. அது இல்லாத சுண்டெலிகளை வளர்த்தபோதுதான் தெரிந்தது: ஓரினத்துக்கு மூட்டும் சிறுநீரகமும் கெட்டன, வேறோர் இனத்துக்கு இதயம் வீங்கியது. இதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே படித்து வைத்தது பின்னால் எங்களுக்கு உதவியது.

மருந்து ஏற்றுவது எளிதாகவே இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து 100 மில்லிகிராம் குப்பிகள் இரண்டை எடுத்து, பெயரையும் தேதியையும் எங்களிடம் காட்டி, சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றிவிடுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாம் முறைக்குப் பின் எடுத்த சிடி ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. அப்பா மாடிப்படி ஏறத் தொடங்கினார்.

நான்காம் முறை ஏற்றிய பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. அண்டை வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோருமே நினைத்தோம். பக்கத்துக் கிளினிக்கில் பேதியை நிறுத்தும் மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தார்கள். புற்றுநோய்க்கு ஊசி போடுகிறோம் என்று சொன்னபோது, கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் அம்மா காலண்டர் தாளில் கோடு போட்டு எண்ணினார்: விடிந்ததிலிருந்து மாலைக்குள் எட்டு. சளியும் இரத்தமும் கலந்திருந்தன. பிடி-1 தடுத்து நிறுத்துவது புற்றுநோயோடு மோதும் டி-செல்லை மட்டும் அன்று, குடலின் உட்சுவரோடு மோதும் டி-செல்லையும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களே விலக்கச் சொன்ன தடை அது. வழக்கத்தைவிட ஏழு முறைக்கு மேல் போனால் நள்ளிரவானாலும் அழையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அழைத்தேன், அன்றிரவே சேர்த்துக்கொண்டார்கள்.

கிருமித் தொற்று இல்லை என்று மலப் பரிசோதனையில் உறுதியானது. பெருங்குடலில் எடுத்த துணுக்கில் நோயெதிர்ப்புச் செல்கள் மண்டியிருந்தன. அவற்றை அடக்க எடைக் கணக்கில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எட்டு இரண்டானது. அப்பா கொஞ்சம் ரசஞ்சாதம் கேட்டார். கடினமான பகுதி அதன் பிறகுதான் இருந்தது: நலமாகிவிட்டது என்று ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது, சிறு சொல்லுக்கும் கோபம் வந்தது. கட்டிக்கான மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு எதிரிகளைத் தப்பவிடுகிறோமே என்று அவர் வருந்தினார். மருந்தின் அரையாயுள் ஏறத்தாழ 22 நாள். அதனால் ஊசி நின்ற உடனே அதன் வேலை நின்றுவிடாது என்று மருத்துவர் விளக்கிய பிறகே அமைதியடைந்தார்.

குடல் ஆறியபின் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் டிஎஸ்எச் என்ற, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஏறி, தைராய்டு சுரப்பி ஓய்ந்துபோனது தெரிந்தது. இதற்கு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை ஒன்று, அநேகமாக ஆயுள் முழுக்க. இப்போது அப்பாவின் சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. மருந்தின் பெயர், ஏற்றிய தேதிகள், ‘இது கீமோதெரபி அன்று, பிடி-1 ஏற்பியைத் தடுக்கும் மருந்து’ என்ற வரி, மருத்துவரின் எண். பல்லுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.