கெளுத்தி மீனும் குசுஷிஜியும்

வியாழக்கிழமை முதல் வகுப்பு காலை எட்டே முக்காலுக்கு. டிசம்பர் மாதக் கியோட்டோ குளிரில் அந்த நேரத்துக்கு சைக்கிள் மிதித்துப் போக ஏதாவது ஒரு காரணம் வேண்டும். எனக்கு அது குசுஷிஜி. எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானியர்கள் தூரிகையால் இழுத்து இழுத்து எழுதிய பழைய எழுத்து.

புதிதாக வருகிறவர்களுக்கு: சொந்த ஊர் விருதுநகர். டெல்லியில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. படிக்கிறேன். ஜப்பான் அரசின் உதவித்தொகையில் ஒரு வருடம் இங்கே வந்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களை 'நிக்கென்ஸெய்' என்பார்கள். மாதம் 1,17,000 யென் தருகிறார்கள். விடுதி வாடகை போக, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்டால் கொஞ்சம் மிச்சம்கூடப் பிடிக்கலாம்.

நிக்கென்ஸெய்களுக்கென்றே பண்பாட்டு வகுப்புகள் தனியாக உண்டு. தேநீர்ச் சடங்கு, இகெபானா என்ற மலர் அலங்காரம், நோ நாடகம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நாம் விருந்தாளி. கிண்ணத்தை எப்படித் திருப்புவது என்று காட்டுவார்கள், திருப்புவோம், பாராட்டுவார்கள், படம் எடுத்துக்கொண்டு கலைவோம். இந்த ஊரில் 'கொன்னிச்சிவா' என்று வாயைத் திறந்தாலே "ஜப்பானியம் பிரமாதமாகப் பேசுகிறீர்களே" என்று சொல்லிவிடுகிறார்கள். குசுஷிஜி வகுப்பில் இதுவரை ஒருவர்கூட என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அதனால்தான் அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கும்.

காரணம் எளிது. அங்கே ஜப்பானிய மாணவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. 1900இல் தொடக்கப் பள்ளிகளுக்கான விதிகளில், ஓர் ஒலிக்கு ஒரு ஹிரகனா (ஜப்பானிய ஒலியெழுத்து) மட்டும்தான் என்று வரையறுத்தார்கள். அதற்கு முன் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள். 'ஹ' என்ற ஒலிக்கே இந்தக் காஞ்சியிலிருந்து (காஞ்சி என்றால் ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) பிறந்தது ஒன்று, அந்தக் காஞ்சியிலிருந்து பிறந்தது இன்னொன்று என்று எழுதுகிறவர் கைக்கு வந்ததைப் போட்டிருப்பார். போதாக்குறைக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே இடியாப்பச் சிக்கல்தான். நம்மூரில் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகத்தில் பழைய 'லை', 'னை' வந்தால் ஒரு நொடி தடுக்கும், அப்புறம் பழகிவிடும். இங்கே நிலைமை அப்படியில்லை. கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் எழுதிய கடிதம் வீட்டுப் பரணில் இருந்தாலும் பெரும்பாலானவர்களால் ஒரு வரி படிக்க முடியாது. என் பக்கத்தில் உட்காருகிற இலக்கியத் துறை மூன்றாமாண்டுப் பையனும் நானும் ஒரே அகராதியைப் புரட்டிக்கொண்டு ஒரே மாதிரி முழிக்கிறோம்.

இந்தப் பருவத்தில் படிப்பது 'நமஸு-எ', அதாவது கெளுத்தி மீன் படங்கள். 1855 நவம்பர் 11 இரவு எடோவில், இன்றைய டோக்கியோவில், பெரிய நிலநடுக்கம். ஏறக்குறைய 7,000 முதல் 10,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்கிறார்கள். பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி படுத்திருக்கிறது, அது உடம்பை நெளித்தால் நிலம் ஆடும் என்பது அந்தக் கால நம்பிக்கை. அதன் தலையில் ஒரு கல்லை வைத்து அழுத்திப் பிடித்திருக்கவேண்டியது காஷிமா தெய்வத்தின் வேலை. பழைய நாட்காட்டிப்படி அன்று பத்தாம் மாதம் இரண்டாம் தேதி. பத்தாம் மாதத்தில் நாட்டிலுள்ள தெய்வங்களெல்லாம் இஸுமோ என்ற ஊருக்குக் கூட்டத்துக்குப் போய்விடும். காவலுக்கு விட்டுப்போன எபிஸு என்ற தெய்வம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, மீன் துள்ளிவிட்டது. இப்படியொரு கதையைக் கட்டி, இடிபாடுகளைக்கூட அள்ளி முடிக்காத ஊரில் சுடச்சுட அச்சடித்து விற்றிருக்கிறார்கள். 200க்கும் மேற்பட்ட வகைகள் கிடைத்திருக்கின்றன. தணிக்கை முத்திரை எதுவும் இல்லாமல் வந்தவை. இரண்டு மாதத்தில் அரசு தலையிட்டு அச்சுக்கட்டைகளை அழிக்கச் சொல்லிவிட்டது.

எனக்குப் பிடித்த படத்தில் எடோவின் யொஷிவாரா வட்டாரத்து விலைமாதர்கள் ஒரு பெரிய கெளுத்தியைச் சூழ்ந்துகொண்டு கையில் கிடைத்ததால் எல்லாம் அடிக்கிறார்கள். அந்த வட்டாரம் தீயில் எரிந்து ஏராளமான பெண்கள் செத்துப்போயிருந்தார்கள். சும்மா விடுவார்களா? ஆனால் படத்தின் மேல் மூலையைப் பார்க்க வேண்டும். அங்கே சில ஆட்கள் கெளுத்தியைக் காப்பாற்ற விழுந்தடித்து ஓடி வருகிறார்கள். எல்லோரும் கட்டட வேலைக்காரர்கள். ஊர் இடிந்தால் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி ஏறும் அல்லவா? வேறொரு படத்தில் அவர்கள் கெளுத்தியோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரிடர் நிவாரணத்தில் யார் பை நிறைந்தது என்ற பேச்சு நமக்கொன்றும் புதிதில்லை.

படத்தில் உருவங்களுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் வசனத்தைத் திணித்திருப்பார்கள். இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. பல இடங்களில் தகுதென்னும் கிடையாது. தகுதென் என்பது எழுத்தின் மேல் மூலையில் வைக்கும் இரண்டு சின்னக் கோடு. அதை வைத்தால் 'க்க' ஒலி 'ங்க'வில் வரும் க போல ஆகும், 'ச்ச' ஒலி 'ஞ்ச'வில் வரும் ச போல ஆகும். பழைய அச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒரு வரியில் 'ச்சிஷின்' என்று இருந்தது. வகுப்பில் இருக்கும் இத்தாலியத் தோழி அகராதியில் 'ச்சி' பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது நேராக 'ஜிஷின்', நிலநடுக்கம், என்றே கண்ணில் பட்டது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பச்சைக்கும் பஞ்சுக்கும் ஒரே ச-வைப் போட்டுவிட்டு, வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற மொழியில் வளர்ந்தவள் நான்.

இதை ஸென்ஸெய்யிடம், அதாவது ஆசிரியரிடம், சொன்னேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், எகர ஒகரத்தில் குறிலா நெடிலா என்பதையும் இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னதும், அரை மணி நேரம் வகுப்பு அதிலேயே போய்விட்டது. உ.வே.சா. என்ன பாடுபட்டிருப்பார் என்பது எனக்குக் கியோட்டோவில்தான் உறைக்கிறது.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்ற ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவின் கருத்தைப் பற்றிப் பின்னூட்டத்தில் கேட்கிறவர்களுக்கு: பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதால் நமக்குப் படிக்க வசதி, அவ்வளவுதான். தமிழ் கைகொடுக்காத இடமும் இதே வகுப்பில் உண்டு. காஞ்சியைச் சுருக்கி எழுதியிருந்தால் சீன மாணவி ஒருத்தி சர்வசாதாரணமாகப் படித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே தூரிகை பிடித்தவள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பழகுவதற்கு ஒஸாகா பல்கலைக்கழகத்தின் 'கூலா' செயலி இருக்கிறது. 'மிவோ' என்று இன்னொன்று, 2021இல் வந்தது. படமெடுத்தால் செயற்கை நுண்ணறிவு தானே படித்துக் காட்டும். நீங்களே ஒருமுறை முட்டி மோதிய பிறகுதான் அதைத் திறக்கலாம் என்பது ஸென்ஸெய்யின் சட்டம். செலவில்லாத பயிற்சி தெருவிலேயே கிடைக்கிறது. பழைய ஸொபா (ஒருவகை நூடுல்ஸ்) கடைகளின் துணித் திரையில் இன்றும் பழைய எழுத்துதான். 'ஸொபா' என்பதில் 'பா' வருமிடத்தில், இன்று பள்ளியில் சொல்லித்தராத அந்த இன்னொரு 'ஹ' தகுதென்னின் இரண்டு கோட்டோடு நிற்கும்; கோடு சேர்ந்தால் 'ஹ' 'ப' ஆகிவிடும். உள்ளே போய் உட்கார்ந்தால் குச்சி வைத்திருக்கும் காகித உறையிலும் பழைய வடிவங்கள் இருக்கும். நான் உறைகளைச் சேர்த்து வைக்கிறேன். அறைத்தோழி எதுவும் சொல்வதில்லை.

அம்மாவுக்குத்தான் கவலை. "அதைப் படிச்சா வேலை கிடைக்குமாடி?" என்று வாராவாரம் கேட்கிறாள். ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டால் ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அவள் சொல்வதும் நியாயம்தான். ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் உயர்நிலையான என்1-இன் 180 மதிப்பெண்ணில் ஒன்றுக்குக்கூட இது உதவாது. ஆனால் உதவாத படிப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். 'மின்னா தெ ஹொன்கொக்கு' என்றொரு இணையதளம் இருக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பழைய நிலநடுக்கங்களை ஆராயும் குழு 2017இல் தொடங்கியது. பழைய ஆவணங்களின் படங்களைப் பார்த்து யார் வேண்டுமானாலும் இன்றைய எழுத்தில் தட்டச்சு செய்யலாம். கருவிகள் வருவதற்கு முந்தைய நிலநடுக்கங்களை ஆராய, எந்த நாள், எந்த நேரம், எந்தத் தெருவில் எத்தனை வீடு விழுந்தது என்று யாரோ எழுதி வைத்ததைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நானும் இரவில் நாலு வரி தட்டுகிறேன். காலையில் பார்த்தால் முகம் தெரியாத யாரோ ஒருவர் அதில் இரண்டு எழுத்தைத் திருத்தியிருப்பார். திருத்தம் எப்போதும் சரியாகவே இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அடுத்த வருடம் நிக்கென்ஸெய்யாக வரப்போகிற ஜூனியர்களுக்கு ஒரு தகவல். வெளிநாட்டு மாணவர்களுக்கான பாடப் பட்டியலில் இந்த வகுப்பைத் தேடாதீர்கள், இருக்காது. இலக்கியத் துறைப் பட்டியலைப் பாருங்கள். ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி அனுமதி கேளுங்கள். பழைய இலக்கணம் தெரியுமா என்று கேட்பார். வினைத்திரிபுப் பட்டியலை விடுமுறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டால் சமாளிக்கலாம். கிளம்புவதற்கு முன் கூலாவை இறக்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் பொழுது போகும்.