சாடியில் வைத்த பூ வாடாமல் இருக்க: இதுவரை செய்து பார்த்தவை

சாடி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே ரோஜா ஏன் தலை தொங்குகிறது? இந்தக் கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது. தண்ணீர் சாடியில் இருக்கிறது, பூவுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். காம்புக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் மிக மெல்லியவை. வெட்டிய இடத்தில் காற்றுக் குமிழி புகுந்தால் அடைபடும். அதைவிடப் பெரிய தொல்லை பாக்டீரியா. சாடித் தண்ணீரில் பெருகி, வெட்டுவாயில் வழவழப்பாகப் படிந்து, வழியை மூடிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரே கட்டு ரோஜாவைப் பிரித்து, ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில்களில் வரிசையாக வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சர்க்கரை மட்டும், ஒன்றில் செப்புக் காசு, ஒன்றில் ஆஸ்பிரின், இன்னொன்றில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் பிளீச்சும் சேர்த்த கலவை. கடைசியாக ஒன்றில் வெறும் தண்ணீர்தான், ஆனால் தினமும் மாற்றி, காம்பின் நுனியையும் கொஞ்சம் வெட்டிவிட்டேன்.

முதலில் கலங்கியது சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை பூவுக்கு உணவுதான், ஆனால் பாக்டீரியாவுக்கும் அதுவே உணவு. கிருமியைத் தடுக்க ஏதாவது சேர்க்காமல் சர்க்கரை போடவே வேண்டாம் என்பது என் முடிவு. செப்புக் காசால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சாதாரணத் தண்ணீரில் செம்பு கரைவது மிகச் சொற்பம், அதனால் அதை நம்பிப் பயனில்லை. ஆஸ்பிரின் போட்டதும் வெறும் தண்ணீரில் நின்றதும் ஒரே மாதிரிதான் வாடின.

கலவையில் இருந்த மொட்டுகள் நன்றாக விரிந்தன. அளவு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு சர்க்கரை 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, வீட்டில் புழங்கும் வாசனை சேர்க்காத பிளீச் அரை தேக்கரண்டிக்கும் குறைவு. புளிப்பு ஏறிய தண்ணீரைக் காம்பு எளிதாக இழுத்துக்கொள்ளும், பிளீச் கிருமியைக் கட்டுப்படுத்தும். பிளீச்சை முழுத் தண்ணீரிலும் கலந்த பிறகுதான் எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டும். நீர்க்காத பிளீச்சில் நேராகச் சாறு பட்டால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

ஆனால் என்னை உண்மையில் அசத்தியது கடைசி பாட்டில். எதுவும் சேர்க்காமல், தினமும் தண்ணீர் மாற்றி நுனி வெட்டியதாலேயே கலவைக்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. அதிலிருந்து என் கவனம் முழுக்கச் சுத்தத்தின் மேல்தான். சாடியை அலசுவது போதாது, சோப்புப் போட்டு பிரஷால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பு இருக்கக் கூடாது. குறுகிய கழுத்துள்ள சாடிகளை நான் பூ வைக்கவே எடுப்பதில்லை, பிரஷ் உள்ளே போகாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும், அவை அழுகினால் மற்ற உழைப்பு வீண். அப்புறம் வெட்டும் கருவி. மழுங்கிய கத்தரி காம்பை நசுக்கிவிடுகிறது. கூரான கத்தியால், காம்பைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டுகிறேன். சாய்வாக வெட்டினால் வெட்டுவாய் சாடியின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது.

எல்லாப் பூவுக்கும் ஒரே முறை சரிவராது. ஜெர்பெராவின் காம்பு ஆழமான தண்ணீரில் சீக்கிரம் அழுகும், இரண்டு மூன்று விரல் உயரம் போதும். கார்னேஷனுக்கு எத்திலீன் வாயு ஆகவே ஆகாது. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் அந்த வாயுவை விடுவதால் பழத்தட்டை வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். சாமந்திக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை, பொதுவாகவே அது நீண்ட நாள் நிற்கும் பூ. நிலச்சம்பங்கியும் கிளாடியோலஸும் கீழிருந்து மேலாக மலர்பவை. கீழே வாடியதை உடனுக்குடன் கிள்ளிவிடுகிறேன், மேல் மொட்டுகள் விரியக் கலவையிலுள்ள சர்க்கரை உதவுகிறது.

தலை சாய்ந்த ரோஜாவையும் பல சமயம் மீட்க முடிகிறது. நுனியைப் புதிதாக வெட்டி, பூவும் காம்பும் முழுக்க மூழ்கும்படி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் கழுத்து நிமிர்கிறது. நிமிர்ந்ததைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. சாய்ந்து வெகு நேரம் ஆகிவிட்டால் மட்டும் இது பலிப்பதில்லை.

இடமும் முக்கியம். நேர் வெயில், மின்விசிறிக் காற்று, டிவிக்கு மேல், மூன்றுமே வேண்டாம். சூடு கூடினால் பூவின் சுவாசம் வேகமாகி, சேமிப்பில் உள்ள சத்து சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் அடுத்து, இரவில் மட்டும் ரோஜாக்களைப் பழம் இல்லாத ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கப் போகிறேன். ஆந்தூரியத்தையும் ஆர்கிட்டையும் அதில் சேர்க்க மாட்டேன், வெப்பப் பிரதேசப் பூக்களான அவை அந்தக் குளிரில் கறுத்துவிடும்.