அடுத்த மேட் வரும் வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற நீண்ட தூர டிரையத்லான்தான் ஐயன்மேன். அதன் உலக சாம்பியன்ஷிப்பின் தொழில்முறைப் போட்டி ஹவாயின் கோனாவில் காலை ஆறரை மணி வாக்கில் தொடங்கும். அப்போது சென்னையில் இரவு பத்து. முதல் ஆள் ஓடி முடிக்கும்போது நமக்கு விடிந்துவிடும். இடையில் இருக்கிற எட்டு மணி நேரத்தைப் பார்த்து எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விளையாட்டுப் போட்டிகளின் தரவையும் நேரடி எழுத்து வர்ணனையையும் தயாரித்துக் கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. எழுதுவதை வேறு வேறு இடங்களில் போட்டுக்கொள்வார்கள், எங்கள் பெயர் எங்கும் வராது. கிரிக்கெட் மேசைக்காரர்களுக்குப் பந்துக்கு ஒரு வரி நிச்சயம் உண்டு. எனக்கோ 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நள்ளிரவு தாண்டி டீ எடுக்க வரும் கிரிக்கெட் நண்பர் ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இன்னுமா சைக்கிள் ஓட்டுறாங்க?" என்பார். ஆமாம், இன்னும்தான். உலகத்திலேயே வேகமான ஆண்களுக்கும் அது நான்கு மணி நேரச் சமாச்சாரம்.

தரவு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. வீரரின் கணுக்காலில் ஒரு சிப் கட்டியிருக்கும். பாதையில் அங்கங்கே டைமிங் மேட் என்கிற பாய்களை விரித்திருப்பார்கள். சிப் மேட்டைத் தாண்டினால் ஒரு நேரம் பதிவாகும். நிஜம் அது மட்டும்தான். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் எங்கள் திரையில் நகர்கிற புள்ளி வெறும் கணிப்பு. கடைசியாகப் பதிவான வேகத்தை வைத்துக்கொண்டு மென்பொருள் அதைத் தள்ளிக்கொண்டே போகும். ஆள் நின்றாலும் புள்ளி நிற்காது. சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய அக்கா ஒருவர், "புள்ளியைப் பார்த்து எழுதாதே தம்பி, மேட்டைப் பார்த்து எழுது" என்பார். நீண்ட தூர டிரையத்லானைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிட உருப்படியான அறிவுரை இல்லை.

2025 அக்டோபரில் கோனாவில் நடந்த பெண்கள் போட்டியில் அந்த அறிவுரையின் பொருள் முழுசாக விளங்கியது. பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்லேயும் அமெரிக்காவின் டெய்லர் நிப்பும் நாள் முழுக்க முன்னால் இருந்தார்கள். லூசி 2023-இல் இதே இடத்தில் பட்டம் வென்றவர். அதற்கு முன் நான்கு முறை இரண்டாம் இடம். இந்த முறை ஓட்டத்தில் வெப்பம் அவரை அடித்துப் போட்டது, பாதியில் விலகினார். நிப் முன்னிலைக்கு வந்தார். இன்னும் சில கிலோமீட்டர்தான் மிச்சம். பின்னால் வந்துகொண்டிருந்த நார்வேயின் சொல்வெய்க் லவ்செத்துக்கும் அவருக்கும் நல்ல இடைவெளி இருந்தது. வெற்றி வரியை முன்கூட்டியே தட்டி வைத்துக்கொள்கிற நேரம் அது, எல்லோரும் செய்வதுதான்.

அப்போது காமெராவில் நிப் தடுமாறினார். நடந்தார். சாலையோரம் உட்கார்ந்தார். எங்கள் திரையில் அவருடைய புள்ளி மட்டும் எல்லைக் கோட்டை நோக்கி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் எழுதிய வரி, "நிப் நின்றுவிட்டார்" என்ற இரண்டே சொற்கள். அடுத்து என்ன எழுதுவது என்று விளங்கவில்லை. ஏனென்றால் எழுந்துவிடுவாரா, விலகிவிடுவாரா என்பது அந்த நிமிடத்தில் அவருக்கே தெரிந்திருக்காது. அவர் எழுந்து ஓடவில்லை. லவ்செத் தாண்டிப் போனார். ஆனால் அதோடு முடியவும் இல்லை. பிரிட்டனின் கேட் மேத்யூஸ் அந்தப் பாதையில் எந்தப் பெண்ணும் அதுவரை ஓடாத வேகத்தில் மாரத்தானை ஓடி லவ்செத்தைத் துரத்திக்கொண்டு வந்தார். எட்டரை மணி நேரப் போட்டி கடைசியில் 35 விநாடியில் தீர்ந்தது. லவ்செத் முதல், மேத்யூஸ் இரண்டாவது.

இப்படி நடப்பது புதிதில்லை. 1995-இல் பவுலா நியூபி-ஃப்ரேசர், அதற்கு முன்பே ஏழு முறை கோனாவில் வென்றவர், எல்லைக்குச் சில நூறு மீட்டர் முன்னால் தள்ளாடி விழுந்தார். கேரன் ஸ்மையர்ஸ் தாண்டிப் போய் வென்றார். பவுலா வெகுநேரம் கழித்து எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து எட்டாவது பட்டத்தையும் வாங்கினார். இன்றைக்கு இவர்கள் மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, எவ்வளவு உப்பு என்று அளந்து உள்ளே தள்ளுகிறார்கள். நூறு கிராமுக்கு மேல் எடுப்பவர்கள் சாதாரணம். உடல் வெப்பத்தைக் காட்டும் கருவியும் வந்துவிட்டது. அப்படியும் அந்தக் கடைசிக் கிலோமீட்டர்களில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேட்டுக்கு வயிறு தெரியாது.

வேலையில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. முன்னால் போகிறவருக்கும் துரத்துகிறவருக்கும் உள்ள நேர வித்தியாசத்தை மிச்சமுள்ள கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி மிச்சம் பிடித்தால் எட்டலாம் என்று வந்துவிடும். 2022-இல் பிரான்ஸின் சாம் லெய்ட்லோ சைக்கிளில் 4 மணி 4 நிமிடம் 36 விநாடி எடுத்து அப்போதைய பாதைச் சாதனையைப் படைத்தார். ஓட்டம் தொடங்கும்போது நார்வேயின் குஸ்தாவ் ஈடனைவிட ஆறு நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தார். கணக்குப்படி ஈடன் கிலோமீட்டருக்கு ஒன்பது விநாடி மீட்க வேண்டும். மாரத்தான் முழுக்க, வெயிலில், முன்னால் ஓடுகிறவர் ஒன்றும் சும்மா இல்லாதபோது, ஒன்பது விநாடி என்பது பெரிய தொகை. ஈடன் சராசரியாகப் பன்னிரண்டு விநாடி மீட்டார். 2 மணி 36 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் லெய்ட்லோவைப் பிடித்தார். தாண்டும்போது இருவரும் கையைத் தொட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு விநாடிதான் அன்று இரவு நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த வரியாகப் போயிற்று, என் கணக்கை யாரும் சீண்டவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து லெய்ட்லோ இன்னும் வேகமாக ஓட்டினார். 3 மணி 57 நிமிடம் 22 விநாடி. அந்தப் பாதையில் நான்கு மணிக்குக் கீழே முதல் முறை. சைக்கிளை விட்டு இறங்கும்போது முன்னிலை இன்னும் பெரிது. ஆனால் ஓட்டத்தில் சரிந்தார், முதல் பத்துப் பேரில்கூட வரவில்லை. ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் புதிய சாதனையோடு வென்றார், அவருக்கு அது மூன்றாவது பட்டம். லெய்ட்லோ செய்தது முட்டாள்தனம் என்று அன்று காலையே பலர் எழுதினார்கள். எனக்கு ஒப்பவில்லை. லாங்கேயைப் போல ஓட முடியாதவர் லாங்கேயோடு சேர்ந்து சைக்கிளிலிருந்து இறங்கினால் தோல்வி உறுதி. முன்னாலேயே பணத்தைப் பந்தயத்தில் போட்டுவிடுவதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி. 2022-இல் அது இரண்டாம் இடம் கொடுத்தது. 2023-இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் பட்டமே கொடுத்தது. 2024-இல் கைவிட்டது.

பொழுதுபோக்காகவும் வயதுப் பிரிவிலும் ஓடுகிறவர்களுக்கு இது தன்னோடு தான் போடுகிற சண்டை என்று சொல்வார்கள். இருக்கலாம். பதினேழு மணி நேரத்துக்குள் முடித்தால் போதும் என்பவர்களுக்கு அது சரிதான். தொழில்முறை ஆட்கள் பக்கம் அப்படி இல்லை, அங்கே மற்றவர்களோடுதான் சண்டை, அதுவும் முதல் பத்து நிமிடத்திலிருந்தே. கோனாவில் கடல் வெதுவெதுப்பு, குளிரைத் தாங்கி மிதக்கவும் உதவுகிற வெட்சூட் உடையைப் போட அனுமதி இல்லை. நீச்சலில் முதல் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள முடியாமல் ஒரு நிமிடம் பின்தங்கினால், சைக்கிளில் அந்தக் கூட்டம் கைக்கு எட்டாது. சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துப் போகக் கூடாது, விதி சொல்கிற இடைவெளி விட வேண்டும். மீறினால் மோட்டார் சைக்கிளில் வரும் நடுவர் அட்டையைக் காட்டுவார், தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஆனால் அவ்வளவு தள்ளி ஓட்டினாலும் முன்னால் போகிறவர் கொஞ்சம் காற்றை வெட்டிக்கொடுக்கத்தான் செய்கிறார். பத்துப் பேர் சட்டப்படி இடைவெளி விட்டு வரிசையாகப் போனால் கடைசி ஆளுக்கு லாபம், தனியே போகிறவருக்கு நட்டம். அதனால் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு நிலத்தின் நடுவே குவீன் கே நெடுஞ்சாலையில் போகும் அந்த வரிசை டிவியில் சலிப்பாகத் தெரிந்தாலும் அங்கே பேரம் நடந்துகொண்டே இருக்கும். யார் முன்னால் போய்க் காற்றை வாங்குவது, யார் பின்னால் காத்திருப்பது, சைக்கிள் பாதை திரும்புகிற ஹாவி ஊருக்கு ஏறும்போது பக்கக் காற்று அடித்தால் யார் தைரியமாகக் குனிந்தே ஓட்டுவது. இதை எழுதத்தான் எனக்குக் கை ஓடும். எழுத்தை வாங்கிக்கொள்கிறவர்களுக்கோ பெயரும் நேரமும் போதும்.

லூசி 2023-இல் வென்றது இந்தப் பேரத்துக்கே வெளியில் நின்று. நீச்சலில் முதலில் கரையேறினார், சைக்கிளில் தனியே போனார், ஓட்டத்திலும் யாரும் பிடிக்கவில்லை. 8 மணி 24 நிமிடம் 31 விநாடி, பெண்களின் பாதைச் சாதனை. ஒவ்வொரு மேட்டிலும் அதே பெயர்தான் முதலில். எழுதுகிறவனுக்கு அது கஷ்டமான இரவு, சொல்ல ஒன்றுமே மாறவில்லை. விடிகாலையில் இடைவெளியை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் ஆனெ ஹாக் பின்னால் ஓடி வருகிறார் என்பதால் மட்டும் தூக்கம் வரவில்லை. ஹாக் ஓட்டத்தில் எத்தனை நிமிடம் மீட்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேறொரு வகையில் எனக்கு மனதில் நிற்பது யான் ஃப்ரோடெனோவின் 2017. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் கோனா சாம்பியன். அந்த ஆண்டு ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. நின்றார், குனிந்தார், நடந்தார். வெல்ல வந்தவர்கள் அப்படி ஆனால் வழக்கமாக விலகிவிடுவார்கள், அதில் தவறும் இல்லை. உடம்புதான் பிழைப்பு, அடுத்த போட்டி இருக்கிறது. ஃப்ரோடெனோ நடந்தும் ஓடியும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் அந்த ஓட்டத்தின் மேட் நேரங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தேன். ஒரு சாம்பியனின் பெயருக்கு எதிரே அப்படிப்பட்ட எண்கள் இருந்தால் தரவுப் பிழை என்றுதான் முதலில் தோன்றும். பிழை என்று நினைத்த எண்ணைத் திருத்துவதற்கு முன் படம் பார்க்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்ல இப்போது அதைத்தான் காட்டுகிறேன். 2019-இல் அவர் மறுபடி வென்றார்.

மேட் இல்லாத காலத்துக் கதைகளுக்கு வேறு கவர்ச்சி. 1989-இல் டேவ் ஸ்காட்டும் மார்க் ஆலனும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். ஸ்காட் அப்போதே ஆறு முறை சாம்பியன். ஆலன் அதுவரை ஒருமுறைகூட அங்கே வென்றதில்லை. மாரத்தானின் கடைசி ஏற்றத்தில் ஆலன் பிரிந்தார், 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார், கடைசியில் அவரும் மொத்தம் ஆறு பட்டம் வாங்கினார். அன்று இடைவெளி நேரம் திரையில் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் பெரும்பகுதி நேரம் பூஜ்யம் என்றுதான் காட்டியிருக்கும்.

2023 முதல் மூன்று ஆண்டுகள் ஆண்கள் போட்டியையும் பெண்கள் போட்டியையும் நீஸுக்கும் கோனாவுக்கும் பிரித்து, ஆண்டுக்கு ஆண்டு இடம் மாற்றி நடத்தினார்கள். கோனாவுக்குப் போக ஆசைப்பட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பெண்களுக்கு ஒரு நாள் முழுக்க அவர்களுடையதாகக் கிடைத்தது. காமெராவும் எழுத்தும் அவர்கள் பக்கமே இருந்தன. 2026-இலிருந்து இரண்டும் கோனாவில் ஒரே நாள் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய ஒரே நாள் பதிவுகளைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிகிறது. ஆண்கள் கொஞ்சம் முன்னால் கிளம்புவார்கள், அவர்கள் முடிக்கிற நேரத்தில்தான் பெண்கள் போட்டி சூடுபிடிக்கும், எல்லோரும் வெற்றியாளரின் பேட்டியை எழுதிக்கொண்டிருப்பார்கள். நிப் நின்றது போல ஏதாவது அப்போது நடந்தால் நாலு வரிக்கு மேல் கிடைக்காது.

ஆகவே இந்த முறை இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மேலே இருப்பவர், "ஒரே போட்டிதானே தம்பி, எதுக்கு ரெண்டு பேர்?" என்றார். பேச்சு இன்னும் நடக்கிறது. எப்படி முடிந்தாலும் பெண்கள் பக்கம் எனக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆண்கள் பக்கத்தை எழுத ஆள் கிடைப்பது எப்போதும் சிரமமில்லை.